இடப்பக்கத்துச் சிவப்பு

ஜனவரி 19, திங்கள்

பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. ரகுபதி சார் முதல் வேலையாகச் சொன்னது, தினமும் கற்றதை நாலு வரி எழுதி வையுங்கள், நான் வாங்கிப் பார்க்க மாட்டேன் என்பதுதான். வாங்கிப் பார்க்காத வீட்டுப்பாடத்தை எவள் எழுதுவாள்? நான் எழுதுவேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான்.

நிலவரத்தை எழுதிவிடுகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் கைகழுவிவிட்டுப் போனதில் எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு வேலையில்லை. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறோம். இது எத்தனை நாளைக்கு நடக்கும்? இப்போது புது வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். அவர்களிடம் புரோகிராம் எழுதுவது எல்லாமே இரண்டிரண்டு பேராகத்தானாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு நாற்காலி. அதற்குத்தான் இந்த நாலு வாரப் பயிற்சி. முடிவில் ஒரு மதிப்பீடு வைத்து ஆறு ஜோடிகளை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் தாங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எடுத்தால் ஜோடியாக எடுப்பார்கள், கழித்தால் ஜோடியாகக் கழிப்பார்கள். ஒருத்தியை வைத்துக்கொண்டு ஒருத்தியை அனுப்புவது என்ற பேச்சே இல்லை.

ஜோடி சேரச் சொன்னதும் பாதி ஹால் ஜெசிந்தாவைத்தான் பார்த்தது. அவள் கை கீபோர்டில் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் யாரையும் பார்க்காமல் என் தோளில் கையைப் போட்டு, "பூங்கொடி இல்லாட்டி எனக்குச் சோலியே ஓடாதுங்க சார்" என்றாள். என் வயிற்றில் பாலை வார்த்தாள்.

மில் மூடியதிலிருந்து என் வீட்டுக்காரர் வீட்டோடுதான் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "ஜெசிந்தா கூடவா? அப்பறமென்ன, வேலை கெடச்ச மாதிரிதான்" என்று இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். இந்த மனிதர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு நாளாகிவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று கற்றது: புரோகிராமை எழுதுவதற்கு முன்னால், அது சரியாக இருக்கிறதா என்று கேட்கும் கேள்வியை எழுத வேண்டும். புரோகிராமே இல்லாதபோது கேள்வி தோற்கத்தானே செய்யும்? தோற்கட்டும். திரையின் இடப்பக்கம் ஒரு பட்டையில் கேள்விகள் வரிசையாக இருக்கும். தோற்ற கேள்விக்கு நேரே சிவப்புப் புள்ளி. பிறகு அந்தக் கேள்வி ஜெயிக்கிற அளவுக்கு மட்டும் எழுத வேண்டும். புள்ளி பச்சையாகும். பிறகு எழுதியதைக் கூட்டித் துடைத்துச் சீராக்கிவிட்டு அடுத்த கேள்வி.

"புள்ளை பொறக்கறதுக்கு முன்னாலயே பேரு வெக்கற கதையா இருக்குது" என்றாள் ஜெசிந்தா. ரகுபதி சாரும் சிரித்துவிட்டார். ஆனால் ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். "சிவப்பைக் கண்ணால பார்க்காம பச்சையை நம்பாதீங்க. தோக்கவே தோக்காத கேள்வி எதையும் சோதிக்கலைன்னு அர்த்தம்."

கீபோர்டில் இருப்பவர் வண்டி ஓட்டுகிறவராம். பக்கத்தில் இருப்பவர் வழி பார்க்கிறவராம். மணி அடித்தால் மாறிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தப்புவதைச் சொல்வதுதான் வழி பார்க்கிறவருக்கு வேலை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஜோடி எதற்கு என்றார்.

ஜனவரி 22, வியாழன்

ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் எந்த மாடிக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லும் புரோகிராம்தான் பயிற்சிக் கணக்கு. ஜெசிந்தா ஓட்டினாள். "எல்லாம் பச்சை, அடுத்தது போலாம்" என்றாள். பார்த்தால் பட்டையில் சிவப்பு பல்லை இளிக்கிறது. விரலை வைத்துக் காட்டியதும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றாள்.

டீ நேரத்தில் தன் இடக்கைப் பக்கம் வைத்திருந்த டம்ளரைத் தானே தட்டிவிட்டாள். என் சேலையில் பாதி டீ. "கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கறே?" என்றேன். "தூக்கமில்லடி, அம்மாவுக்கு ராத்திரி பூரா இருமல்" என்றாள். பாவம், அவள் அம்மாவுக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். அண்ணன் அருள்தாஸ் உக்கடத்தில் கடை, குடும்பம் என்று தனியாக இருக்கிறார்.

ஜனவரி 27, செவ்வாய்

மறுபடியும் அதே கூத்து. சிவப்பு இருக்கும்போது "பச்சை" என்கிறாள். இன்றைக்கு மூன்று தடவையாவது இருக்கும். பக்கத்து ஜோடி திரும்பிப் பார்த்தது.

மதியம் சாப்பாட்டில் தட்டில் வலப்பக்கம் இருந்ததை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள். இடப்பக்கம் பீட்ரூட் பொரியல் அப்படியே கிடந்தது. அவளுக்குப் பீட்ரூட் என்றால் உயிர்.

ஒருவேளை சலித்துப்போயிருக்கும்.

ஜனவரி 28, புதன்

காலையில் அவள் ஸ்கூட்டரில் இடப்பக்கம் முழுக்கக் கீறல். வாசல் தூணில் உரசியதாகச் சொன்னாள். நாளையிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போகிறேன், இரண்டு வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்று சொல்லிவிட்டேன். "கஞ்சப் பிசினாறி" என்றாள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஜனவரி 30, வெள்ளி

ஒரு காரியம் செய்தேன். அவள் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, இடப்பக்கம் இருந்த பட்டையை இழுத்துத் திரையின் வலப்பக்கம் வைத்தேன். அமைப்பை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வந்தாள், உட்கார்ந்தாள், "ஒண்ணு செவப்பா இருக்குது, இரு பாக்கறேன்" என்று பழைய வேகத்தில் போட்டு விளாசினாள். பட்டை இடம் மாறியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் சாயங்காலம் வரை ஒரு தப்பு கிடையாது. எங்கள் லிஃப்ட் பதினாறு மாடிக்கும் ஒழுங்காகப் போய் வந்தது. ரகுபதி சார் எல்லோரையும் கூப்பிட்டு எங்கள் திரையைக் காட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் பேல்பூரி சாப்பிட்டோம். அவளுக்கு இடப்பக்கமாக நான் நடந்தேன், ரோட்டோரச் சாக்கடை திறந்து கிடந்ததால்.

பிரச்சினை அவ்வளவுதான், திரை அமைப்பு. கண்ணாடி பவரும் மாறியிருக்கும். பயிற்சி முடிந்ததும் கண் டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் போட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

ரகுபதி சார் எங்கள் பின்னால் வந்து நின்றார். "எல்லார் ஸ்கிரீன்லயும் லிஸ்ட் இடப்பக்கம் இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் வலப்பக்கம்?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"எனக்குக் கழுத்துவலி சார். இடப்பக்கம் திரும்ப முடியலை" என்றேன். கழுத்துவலி எனக்கு உண்டுதான், போன வருஷம் கழுத்துப் பட்டைகூடப் போட்டிருந்தேன். ஆகவே அது முழுப் பொய் இல்லை.

"சரி, ஆனா மதிப்பீடு அன்னிக்குக் கான்ஃபரன்ஸ் ஹால் மெஷின்லதான் செய்யணும். அதுல எதையும் மாத்த முடியாது" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் வாந்தி எடுத்தாள். கேஸ் என்கிறாள். நானும் ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளே முந்திக்கொண்டு, "இந்த வேலை கெடச்சிருச்சுன்னா அம்மாவை வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போகோணும்டி, நேர்ந்திருக்குது" என்றாள். இப்படி ஆசையாக இருப்பவளிடம் போய் உனக்குக் கண் சரியில்லை என்று சொன்னால் பயந்துவிடுவாள். பயந்தால் கை ஓடாது. கை ஓடாவிட்டால் அவளுக்குத்தானே நஷ்டம்? அவளுக்காகத்தான் பொறுத்திருக்கிறேன்.

வீட்டில் இவர் சின்னவளின் பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மதிப்பீட்டில் முதலில் நான் ஓட்டினால், கஷ்டமான கேள்விகளை என் முறையிலேயே முடித்துவிடலாம். அவள் முறை வரும்போது சுலபமானது மட்டும் மிச்சம் இருக்கும். சிவப்பு வந்தால் நான் வாயால் சொல்லிவிடுவேன். வழி பார்க்கிறவர் சொல்லலாம், விதியே அதுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

மதிப்பீடு முடிந்தது.

பெரிய திரை. வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு பேர், எங்கள் மேலாளர், ரகுபதி சார், பின்னால் மற்ற ஜோடிகள். முதலில் நான்தான் ஓட்டினேன். நினைத்ததைவிட மெதுவாகப் போயிற்று. மணி அடித்ததும் ஜெசிந்தா உட்கார்ந்தாள். மடமடவென்று எழுதினாள், ஓடவிட்டாள், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "எல்லாம் பச்சைங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்றாள்.

சுவர் அளவுத் திரையில், இடப்பக்கம், மேலிருந்து கீழ் வரை சிவப்பு.

யாரோ சிரித்தார்கள். "மேடம், பாருங்க" என்றார் மேலாளர். "எதைங்க பாக்கறது?" என்றாள் அவள். குரலில் கோபம். உண்மையாகவே கோபம். பிறகு நான் சிரித்தேன். நான் சிரித்ததை நானே கேட்டேன். "இந்த மெஷின் ரொம்ப மெதுவுங்க, அவ பார்க்கறப்ப பச்சையாத்தான் இருந்துச்சு" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தப்பு சின்னதுதான். ஒரு கூட்டல் குறி. திருத்தினேன். பச்சையானது. கைதட்டினார்கள்.

ரகுபதி சார் மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழிப்பறையில் ஜெசிந்தா முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். குழாயை மூடாமலே கேட்டாள்.

"பூங்கொடி, அங்க நெசமாவே செவப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கு ஏன்டி தெரியல?"

"டென்ஷன்டி. கண்ணாடியும் மாத்தோணும் உனக்கு. திங்கக்கெழமை ரிசல்ட் வந்துரட்டும், செவ்வாக்கெழமை நானே லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் சரி என்றாள். நான் என்ன சொன்னாலும் அவள் சரி என்பாள்.

பிப்ரவரி 14, சனி

துணி துவைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

ஆறாவது ஜோடி நாங்கள்தான். இவர் கேசரி கிண்டினார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொன்னபடி லீவு போட்டுக் கூட்டிப் போனேன். கண் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர், பெண். ஜெசிந்தாவைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் விரித்து விரலை ஆட்டினார்.

"எந்த விரல் ஆடுதுங்கம்மா?"

"வலப்பக்கத்து விரல் மட்டுங்க டாக்டர்."

"இப்ப?"

"இப்ப எதுவும் ஆடலீங்க."

அப்போது டாக்டரின் இன்னொரு கை ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் கோளாறே இல்லை என்றார். கண்ணாடி பவர்கூட மாறவில்லை. உடனே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உடனே என்றால் இன்றைக்கே என்றார். அருள்தாஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

மூளையில் வலப்பக்கம் கட்டி. இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. இந்த மாதிரி நோயாளிகளுக்குத் தாங்களாக உணரவே முடியாதாம், கூட இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டுமாம்.

கூட இருப்பவர்கள்.

பிப்ரவரி 18, புதன்

பெரிய டாக்டர் வந்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார்.

"போன வியாழக்கெழமை ஒருக்கா ஆச்சுங்க. அதுக்கு முன்னால ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் கூட வேலை செய்யறவங்களா? அப்படித்தானா?"

அவள் அம்மா, அண்ணன், நான், நர்ஸ். சாம்பல் புதன் என்று அம்மா கோவிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு வந்திருந்தார். மகளுக்கும் கொஞ்சம் இட்டுவிட்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

வெளியே வந்ததும் டாக்டர் அண்ணனிடம் விளக்கினார். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. கட்டி வேகமாக வளர்கிற வகை மாதிரி தெரிகிறது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் மொத்தமாக எடுத்துப் பார்த்திருக்கலாம், இப்போது கொஞ்சத்தை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். "என்ன பண்றது, ஒரு வாரமாத்தான் தெரிஞ்சிருக்கு" என்று அவரே ஆறுதல் சொன்னார்.

அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நீ கூட்டிட்டு வரலீன்னா எம்புள்ள என்ன ஆயிருப்பா? உன்னைய மாதாவே அனுப்பி வெச்சிருக்கறா" என்று கையில் முத்தம் கொடுத்தார். அண்ணனும் கும்பிட்டார். நான் அந்தக் கையைப் பிடுங்கிக்கொள்ளாமல் நின்றேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தாள்.

பிப்ரவரி 26, வியாழன்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கெட்ட வகைதான். கதிர்ச் சிகிச்சை கொடுப்பார்கள். பார்வையின் இடப்பாதி இனி வராது. மற்றதற்கு டாக்டர் வருஷக் கணக்குச் சொல்லவில்லை. மாதக் கணக்கும் சொல்லவில்லை. "நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

திங்கட்கிழமை புது வேலை ஆரம்பம். அவளுக்குப் பதில் நவீன் என்ற பையனை என்னோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். என்னைக் கழிக்கவில்லை. "உங்க பிரண்டு விஷயம் ரொம்ப வருத்தம், ஆனா உங்க திறமைய விட முடியாது" என்றார் மேலாளர். ஜோடியாகத்தான் கழிப்பார்கள் என்று நான் எத்தனை நாள் நடுங்கினேன். நடுங்கினேன் என்று இதுவரை ஒரு வரிகூட இங்கே எழுதவில்லை. அவளுக்காக, அவளுக்காக என்றே எழுதி வைத்திருக்கிறேன். எனக்காகத்தான். என் வீட்டுக்காக. அவளைவிட என் சம்பளம்தான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். மொட்டைத் தலையும் கட்டுமாக ஜெசிந்தா தலையணையில் சாய்ந்திருந்தாள். இடப்பக்கம் திரும்பிப் பார்க்க இப்போது பழக்குகிறார்களாம். பழகிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. இந்தப் பக்கம் உக்காரு, தெரியட்டும்" என்றாள். உட்கார்ந்தேன்.

"படுத்துட்டே இருந்தா ரோசனைதான். ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன். வண்டியில கூட்டிட்டுப் போனே. எப்பவும் எனக்கு இடப்பக்கமே நடந்தே. ரகுபதி சார் லிஸ்ட்டு ஏன் வலப்பக்கம்னு கேட்டாரு, நீ கழுத்துவலின்னு சொன்னே."

தலையை ஆட்டினேன்.

"லிஸ்ட்டை மாத்துனது நீதான?"

"நான்தான்."

"எப்ப?"

"ஜனவரி கடைசியில."

கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்தேன். அழவில்லை. நான்தான் அழுதேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி" என்றாள்.

"சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்."

"ஆமா."

"இப்ப எனக்கு மட்டும் போச்சு."

"ஆமா."

"எங்கம்மாகிட்டச் சொல்லிராதே. அது உன்னைய சாமி மாதிரி நெனச்சுட்டு இருக்குது. இருக்கட்டும். நான் போனதுக்கப்பறம் அதை வந்து பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்."

என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்கு வேலைக்குப் போகப் போவதில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே உன்னோடு இருக்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் தலையைத் திருப்பி, தெரிகிற பாதியால் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"கொன்னுருவேன். அந்த வேலைக்கு நான் என்னென்ன குடுத்திருக்கறேன்னு தெரியுமில்ல? நாளைக்கு ஒழுங்காப் போயி உக்காரு."

கஞ்சியோடு அம்மா வந்துவிட்டார். "என்னடி சண்டை ரெண்டு பேருக்கும்?" என்று சிரித்தார்.

மார்ச் 2, திங்கள்

போனேன்.